கண்ணை மூடச் சொன்ன பயிற்சி

எங்கள் சர்ச் ஹாலில் வயதானவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு ஆரம்பித்தபோது, அதை முதலில் கிண்டலடித்தவன் நான்தான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். சபையில் எனக்குப் பெயரே செக்கர்தான். அடுத்தவன் குற்றத்தைப் பிடித்தே பழகிய வாய் இது. "முட்டி போட முடியாத கூட்டத்துக்கு டான்ஸ் கிளாஸா?" என்று பாஸ்டரிடமே கேட்டேன். அப்புறம் சர்க்கரை ஏறி, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பேசாமல் நானும் போய் வரிசையில் நின்றேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலி சம்பந்தியம்மாளுடையது. என் மருமகளைப் பெற்றவர். தையல் வேலை. இந்த வயதிலும் தனி வீட்டில் இருந்துகொண்டு, பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறார். யார் தயவும் வேண்டாம் என்கிற வீம்பு. எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். என் மகன் கல்யாணத்துக்கு அவர் தைத்த சட்டையில் காலர் கோணல் என்று சொன்னேன், அதை அவர் இன்னும் மறக்கவில்லை.

பயிற்சி சொல்லித் தந்தது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். எங்கள் சபை ஆள் இல்லை. அதுதான் வினையாகிப் போயிற்று. அன்றைக்கு எல்லாரையும் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வைத்து, அதன் முதுகைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "ஒரு காலை லேசா தூக்குங்க. அப்படியே கண்ணை மூடுங்க" என்றாள்.

எங்கள் ஆட்களிடம் போய்க் கண்ணை மூடு என்றால் என்ன ஆகும்? பிறந்ததிலிருந்து அந்த வார்த்தைக்கு அடுத்து வந்தது ஜெபம்தானே. என் கைகள் என்னைக் கேட்காமலே நாற்காலியை விட்டுவிட்டு ஒன்றையொன்று கோத்துக்கொண்டன. தலையும் குனிந்தது. ஒற்றைக் காலில் நிற்பது அப்புறம்தான் உறைத்தது. தடுமாறி, கண்ணைத் திறந்து, கைக்கு எட்டியதைப் பிடித்து இழுத்தேன். எட்டியது சம்பந்தியம்மாளின் தோள். நான் நின்றுவிட்டேன், அவர் விழுந்தார்.

சத்தம் கேட்டு மற்றவர்கள் கண்ணைத் திறந்தபோது, அவர் தரையில் கிடந்தார். நான் குனிந்து அவர் தோளைப் பிடித்திருந்தேன்.

"நல்லவேளை, செக்கர் பிடிச்சாரு. இல்லைன்னா மண்டையே உடைஞ்சிருக்கும்" என்றார் பாஸ்டரம்மா.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பார்த்து, பார்த்துத் தூக்குங்க" என்றுதான் வந்தது. டிக்கெட் இல்லாதவன் எப்படி முழிப்பான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று அப்படித்தான் முழித்தேன்.

மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். "ஜெபம்னு நினைச்சு நான்தான் கையை விட்டிருப்பேன் போல. எனக்கு ஞாபகமே இல்ல" என்று சம்பந்தியம்மாளே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு, அட பாவி, எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த 'ஞாபகமே இல்ல'யை என் மருமகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாப்பிடும்போது சொன்னாள்: "அம்மாவை இனிமே தனியா விட முடியாது மாமா. என்ன செய்யறோம்னே அவங்களுக்குத் தெரியல. வீட்டைக் காலி பண்ணிட்டு, மெஷினை யாருக்காவது குடுத்துட்டு, இங்க கூட்டிட்டு வந்துடறேன்."

"யோசிச்சுச் செய்மா" என்றேன். தூ, அதெல்லாம் ஒரு பேச்சா? 

சாமான் கட்ட அவள் கிளம்பிய அன்று நானும் கூடப் போனேன். சம்பந்தியம்மாள் மாவுக்கட்டு இல்லாத கையால் தையல் மெஷினுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டால் வழக்கமாக ஒரு குத்தலாவது வரும். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"வாங்க சம்பந்தி. உங்களுக்கும் அலைச்சல். அன்னிக்கு நீங்க பாவம் தாங்கிப் பிடிச்சீங்க. எனக்குத்தான் புத்தி பிசகிப் போச்சு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று.

"நான் தாங்கிப் பிடிக்கல" என்றேன். "ஜெபம்னு நினைச்சுக் கையை விட்டது நான். விழப் போனதும் நான்தான். உங்களை இழுத்துக் கீழ தள்ளிட்டு நான் நின்னுக்கிட்டேன். உங்க கை நாற்காலியிலதான் இருந்துச்சு. நான் இழுத்ததுலதான் பிடி விட்டுச்சு."

மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பழியை நீங்க ஏத்துக்கறீங்களே மாமா. இந்த மனசு யாருக்கு வரும்?"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றே சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும். இத்தனை நாள் கழித்துச் சொன்னதற்குப் பாராட்டு விழுகிறது.

சம்பந்தியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கையை விடலையா?"

"விடல."

"நிஜமா பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்து, "அந்தப் பெட்டியெல்லாம் எடுத்துட்டுப் போ. நான் எங்கயும் வரல" என்றார்.

"அம்மா, மாமா உனக்காகப் பொய் சொல்றாரு. அதுகூடப் புரியலையா?"

"இல்லடி. இவரை எனக்குத் தெரியும். அவ்வளவு நல்ல மனசெல்லாம் இவருக்குக் கிடையாது."

மருமகள் என் பக்கம் திரும்பினாள்.

"கிடையாதும்மா" என்றேன்.

அவள் மெதுவாகத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.