லாரி முதலில் கூப்பிடும் ஆள்

சட்டைக்குப் பட்டன் ஓட்டை போடும் காஜாக்காரியின் புருஷன் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், அவன் எங்கே இருக்கிறான் என்பது அவள் வேலை பார்க்கும் சட்டைக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் கடைசியில்தான் தெரியவரும். அதுவும் நாத்தனார் வாயால். கட்டின பெண்டாட்டிக்கு இதைவிட வேறு என்ன அவமானம் வேண்டும்?

விஷயம் இதுதான். மருந்துப் பெட்டி ஏற்றிப் போகும் லாரிகளில் திருடர்கள் கைவரிசை காட்டிக்கொண்டே இருந்தார்கள். டிரைவர் கொஞ்சம் கண்ணசந்தால் பின்கதவு திறந்துகிடக்கும். தடுக்கப் போனவர்களுக்கு மண்டை உடைந்தது. கடைசியில் முதலாளி எல்லா லாரிக்கும் புதுவித அலாரம் மாட்டினார். கதவில் யாராவது கை வைத்தால் அது எடுத்த எடுப்பில் அலறாது. டிரைவர் வீட்டு ஆள் ஒருவருடைய போனைக் கூப்பிடும். டீ குடிக்க இறங்கினானா, வம்பில் மாட்டினானா என்பது வீட்டு ஆளுக்குத்தானே சட்டென்று புரியும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். லாரி எங்கே நிற்கிறது என்பது அந்தப் போனில் மேப்பில் எப்போதும் தெரியும். போனை எடுத்தால் லாரிக்குள் நடப்பது கேட்கும். இங்கே பேசினால் அங்கே ஸ்பீக்கரில் கேட்கும். ஒன்றுமில்லை என்றால் பச்சையைத் தொட வேண்டும். ஆபத்து என்றால் சிவப்பு. சிவப்பைத் தொட்டு அந்த ஆளே தன் கட்டைவிரலையும் வைத்தால் லாரி ஊரைக் கூட்டிவிடும், இன்ஜின் பூட்டிக்கொள்ளும், போலீசுக்கும் தகவல் போய்விடும்.

ஒரு டிரைவருக்கு ஒரே ஒரு ஆள்தான். காஜாக்காரியின் புருஷன் தன் அக்காவின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றான்.

காஜாக்காரி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அக்கா என்றால் தைரியசாலி, அதனால்தான் என்று மழுப்பிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். அப்படியானால் நான் இந்த வீட்டில் உப்புக்குச் சப்பாணியா என்று மூடிய குளியலறைக் கதவைப் பார்த்துக் கேட்டாள்.

நாத்தனாரும் அவளும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தது இன்னும் மோசம். இவள் காஜா மெஷினில் குனிந்தபடி பட்டன் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பாள். நாத்தனார் சூப்பர்வைசர், கையை வீசிக்கொண்டு நடமாடுவாள். எல்லோருடைய போனும் வாசலில் கூடைக்குள் கிடக்கும். நாத்தனாருடைய போனுக்கு மட்டும் தனி மரியாதை, கட்டிங் மேஜையில் துணி விரித்துப் படுக்க வைத்திருப்பார்கள். தம்பி பாலம் தாண்டிவிட்டான், தம்பி ரெஸ்ட் எடுக்கிறான் என்று அவள் ரேடியோ மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பாள். அடிக்கடி அலாரம் வரும். "என்னடா, டீயா?" என்று கேட்டுவிட்டுப் பச்சையைத் தொடுவாள். சுற்றியிருக்கிறவர்கள் அந்த அக்கா தம்பி பாசத்தில் உருகிப்போவார்கள். காஜாக்காரிக்கு வயிறு பற்றி எரியும். அன்றைக்குச் சட்டைகளில் ஓட்டை இடம் மாறி விழும், அதற்கும் நாத்தனாரிடமே திட்டு வாங்குவாள்.

ஒரு மத்தியானம் பெரிய ஆர்டர் ஒன்று பேக்கிங்கில் சிக்கிக்கொண்டது. மற்றவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கைகொடுக்கப் போயிருந்தார்கள். நாத்தனார் போகிற போக்கில் போனை இவள் மெஷின் மேல் வைத்து, கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். ஏதாவது வந்தால் உடனே கூப்பிடு என்றும் சொன்னாள். பேக்கிங் மேஜை கூப்பிடு தூரம்தான்.

காஜாக்காரி போனைக் கையில் எடுத்தாள். தன் புருஷன் மேப்பில் ஒரு நீலப் புள்ளியாக நிற்பதை முதல் முறையாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது.

அவள் நாத்தனாரைக் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை என்று பின்னால் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள், ஆனால் அது பொய். அக்கா என்று நினைத்துக்கொண்டு அவன் என்னதான் பேசுவான் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மெஷினை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காதில் வைத்தாள்.

முதலில் இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தம் வந்தது. கதவைத் திறந்து பார்த்த ஒருவன், வண்டியில் ஆள் இல்லை, சீக்கிரம் இறக்கு என்று யாரையோ விரட்டினான். அது அவள் புருஷன் குரல் இல்லை. கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் போனுக்குள் வாயை வைத்து ஊதுகிற மாதிரி ஒரு குரல் கேட்டது.

"அக்கா, சீட்டுக்குப் பின்னாடி திரைக்குள்ள படுத்திருக்கேன். நான் இருக்கறது அவனுங்களுக்குத் தெரியல. சிவப்பத் தொடு." ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி சொன்னான்: "அவகிட்ட மட்டும் சொல்லிடாத."

புருஷன் உயிர் போகிற நேரத்திலும், 'அவகிட்ட மட்டும்' என்பதுதான் முதலில் சுருக்கென்று தைத்தது. அப்புறம்தான் பயம் வந்தது. சிவப்பைத் தொட்டாள். போன் கட்டைவிரல் கேட்டது. தன் விரலை வைத்தாள், ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி அழுத்தித் தேய்த்தாள். அவன் உயிருக்கு அந்த விரல் உதவாது என்று போன் கறாராகச் சொல்லிவிட்டது.

நூல்கண்டுகளை உதைத்துக்கொண்டு ஓடினாள். நாத்தனாரின் வாயை ஒரு கையால் பொத்தி, மறு கையால் அவள் கட்டைவிரலைப் பிடித்துத் திரையில் அழுத்தினாள். போனுக்குள் லாரி காது கிழியக் கத்த ஆரம்பித்தது. யார் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது.

அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்தான். இரண்டு பெட்டி நசுங்கியதோடு சரி. முன்னறையில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். காஜாக்காரி தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். அவள் கையைப் பிடிக்க யாரும் வரவில்லை.

"நீ மூச்சு விடாம இருந்தியே, அதனாலதான் நான் பொழச்சேன்க்கா" என்றான். "வழக்கம் போல 'என்னடா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஸ்பீக்கர்ல கேட்டு அவனுங்க திரையத் தூக்கிப் பாத்திருப்பானுங்க. இவளா இருந்தா கத்தி ஊரக் கூட்டியிருப்பா. அதுக்குத்தான் இவ நம்பரக் குடுக்கல."

காஜாக்காரி சொம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லலாம். ஆனால் ஏன் மூச்சுக் காட்டாமல் இருந்தாய் என்று அவன் கேட்டால்? ஒட்டுக் கேட்டேன் என்றா சொல்வது? நாத்தனாருக்கோ சும்மா இருந்தாலே போதும், எல்லாப் பேரும் அவளுக்குத்தான். அவள் இதை விடுவாளா என்ன, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்காட்டுவாள் என்று மனதுக்குள் பொருமினாள்.

நாத்தனார் தம்பியின் கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"போன் என் கையில இல்லடா. அவ கையிலதான் இருந்துச்சு. நானா இருந்தா 'என்னடா, டீயா'ன்னு கேட்டிருப்பேன்."

அவன் தலையைத் திருப்பி, பெண்டாட்டியைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். இந்தப் பார்வைக்காகத்தான் அவள் இத்தனை நாள் வெந்து கிடந்தாள். ஆனால் அவளால் அவனைப் பார்க்க முடியவில்லை. அவள் கண் நாத்தனார் மேலேயே நின்றது. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டோம், சத்தம் காட்டாமல் பேரை வாங்கிக்கொண்டிருப்போம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அடங்கியிருக்க வேண்டிய வயிற்றெரிச்சல், முன்னைவிட மோசமாகப் பற்றிக்கொண்டது.