நாற்பத்தொரு நாள் நிற்காத வண்டி

கிள்ளான் லோகேஸ்வரியின் போர்வீல் பிக்கப் வண்டி, சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை எட்டே காலுக்குப் புறப்பட்டு நாற்பத்தொரு நாள் நிற்கவில்லை. வேகம் ஒன்றும் அதிகமில்லை; ஊர்வலத்தில் சாமி போகும் வேகம்தான். பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை போய்ப் படுத்துக்கொண்டது. கைப்பிரேக்கை இழுத்ததில் அதன் கம்பி அறுந்து கையோடு வந்தது. சாவியை உருவிப் பார்த்தாள். எஞ்சின் அடங்கியது, சக்கரங்கள் அடங்கவில்லை. பிறகு தொட்டியில் இருந்த டீசலும் ஒழுகித் தீர்ந்தது. வண்டி அதைப் பொருட்படுத்தவில்லை. மேடோ பள்ளமோ, வெயிலோ மழையோ, அதே நடை. காப்பார் சாலை, மேரு, கூட்டரசு நெடுஞ்சாலை, பெட்டாலிங் ஜெயா, பிரிக்பீல்ட்ஸ், மறுபடி கிள்ளான் என்று அது சுற்றிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் பின்னால் வந்தவர்கள் முதல் வாரம் ஹாரன் அடித்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து பத்து நிமிடம் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்பினார்கள்.

லோகேஸ்வரிக்கு நாற்பத்தேழு வயது. பதினாறு வருடம் அண்ணன் விஜயனின் மளிகைக் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் எடை போட்டவள். சம்பளம் என்று ஒன்று கிடையாது, "வீட்டு ஆளுக்கு எதுக்குச் சம்பளம்?" என்பது அண்ணனின் சட்டம். அந்த முக்காலியிலிருந்து எழுந்து, தாலிக்கொடியை விற்று, பழைய போர்வீல் ஒன்றை வாங்கி, கோலசிலாங்கூர் தோப்புகளிலிருந்து தேங்காய் ஏற்றிக் கடைகளுக்குப் போடத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வண்டி போனால் அவளுக்கு மிஞ்சுவது அந்த முக்காலிதான். அது விஜயனுக்கும் தெரியும். முதல் நாளே அவர் வண்டியின் கூடவே நடந்து வந்தார்.

"இறங்கி வா லோகா. கடையில உன் இடம் அப்படியே இருக்கு."

"அதாண்ணே பயமா இருக்கு," என்றாள் அவள்.

நடக்கிற வேகத்தில் போகும் வண்டியிலிருந்து இறங்குவது பெரிய வித்தையில்லை. ஆனால் ஓட்டுநர் இல்லாமல் சாலையில் கிடக்கும் வண்டி அநாதை வண்டி, அதைப் பிடித்து நசுக்கி இரும்பாக்கலாம் என்று போக்குவரத்து அதிகாரிகளிடம் ஒரு விதி இருந்தது. அதனால் அவள் ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் ஜன்னல் வழியே வந்தன. மற்றக் காரியங்களுக்குப் பெண்கள் நாலு பேர் சாரோங்கை விரித்து மறைப்புக் கட்டி, வாளியோடு கூடவே நடந்தார்கள். தீபாவளியும் வண்டியிலேயே வந்துபோனது. இரண்டு ஜன்னலிலும் முறுக்கு குவிந்தது. நம் ஊரில் ஆண்பிள்ளை வண்டி நிற்காவிட்டால் அது கோளாறு. பெண்பிள்ளை வண்டி நிற்காவிட்டால் பார்க்கிறவன் எல்லாம் மெக்கானிக். உப்புச் சுற்றிப் போடச் சொன்னார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி அதைச் சாறு பிழிந்துவிட்டுப் போனது. சுவரில் மோதச் சொன்னவர்களும் உண்டு. அவர்களுடைய வீட்டுச் சுவர் எது என்று அவள் விசாரித்தபோது நகர்ந்துவிட்டார்கள்.

ஓடும் வண்டிக்குக் கடிதம் போட முகவரி இல்லாததால், அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்து ஒலிபெருக்கியில் உத்தரவை வாசித்தார். நாற்பத்தொன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் வண்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் வடதுறைமுகச் சாலையில் மணலைக் குவித்து அதை மறித்து, அவளைத் தூக்கி இறக்கிவிட்டு, வண்டியை நசுக்க அனுப்புவார்கள். லோகேஸ்வரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவருக்கு ஒரு முறுக்கு கொடுத்தாள்.

மேரு தம்புசாமி வந்தது முப்பத்தைந்தாம் நாள். முப்பது வருடமாக லோரிகளுக்கு பிரேக் மட்டுமே பார்க்கிறவர், எஞ்சினைத் தொடமாட்டார். நிறுத்து என்று சொல்லாமல் வந்த முதல் ஆள் அவர்தான். பானெட்டைக் கழற்றிக் கூரையில் கட்டிவிட்டு, முன் பம்பரில் ஏறி எஞ்சினைப் பார்த்து உட்கார்ந்து, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ்வரை அப்படியே வந்தார். குழாய்களைத் தடவினார், ஈரமில்லை. ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒழுகல் இல்லை. பிரேக் ஆயில் டப்பா விளிம்புவரை நிறைந்திருந்தது. வெளியே ஒழுகாமல், ஆயிலும் குறையாமல், பெடல் மட்டும் இறங்குகிறது என்றால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். டப்பாவின் மூடியைத் திறந்தார். மூடியின் உள்ளே இருந்த ரப்பர் பொரித்த அப்பளம்போல ஊதி நெளிந்திருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லு. இதுல யாரு நல்லெண்ண ஊத்துனது?"

"நான்தாண்ணே. ஆயுத பூஜை வெளக்குல எண்ண மிச்சம் இருந்துச்சு. சாமி எண்ணெயக் கீழ கொட்டக் கூடாதுன்னு, கையில கெடச்ச மூடியத் தொறந்து ஊத்துனேன்."

"சாமிக்கு ஓகே. ரப்பருக்கு ஆகாது லா."

கூட நடந்துவந்த விஜயனுக்கு இது போதுமானதாக இருந்தது. "பாத்தியா? எல்லாம் உன் தப்பு!"

"ஆமா, என் தப்புதான். அதுக்கு என்ன இப்போ? தப்பு பண்ணவங்க வண்டி ஓட்டக் கூடாதுன்னா இந்த ரோட்டுல ஒரு வண்டி ஓடாது."

தம்புசாமி பம்பரில் உட்கார்ந்தபடியே மாஸ்டர் பம்பை மாற்றினார். பெடல் கொஞ்சம் எழும்பியது, வண்டியைப் பிடிப்பதற்குள் மறுபடி படுத்தது. எண்ணெய் நாலு சக்கரத்துக்கும் போயிருந்தது. எங்கெல்லாம் ரப்பர் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றி, குழாய்களைப் புது ஆயில் விட்டுக் கழுவியாக வேண்டும். அதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஓடுகிற சக்கரத்தை எவன் கழற்றுவது? தம்புசாமி நேராகக் கோயிலுக்குப் போய், சாமி தூக்குகிறவர்களைக் கூப்பிட்டார்.

முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். வியாழக்கிழமை காலை இரண்டு நீளமான மரங்களை வண்டிக்கு அடியில் கொடுத்து, லோகேஸ்வரியோடு சேர்த்து அதைத் தோளில் ஏற்றினார்கள். சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிச் சுழல்வதை விட்டன, பயணம் நிற்கவில்லை. தூக்கியவர்களின் கால்கள் தாமாகவே நடந்தன. ஒருவரின் செருப்பு கழன்றது. குனிந்து எடுக்க முடியாமல் அவர் ஒற்றைச் செருப்போடு பண்டமாரான்வரை போனார். களைத்தவர் தோள் மாற்றினால் ஒழிய யாருக்கும் ஓய்வில்லை. தம்புசாமி பக்கவாட்டில் நண்டு நடை நடந்தபடி ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, பழைய ரப்பரை எடுத்துப் புதியதைப் போட்டு, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினார். "அமுக்கு. பிடி. விடாத. ஆ, இப்ப விடு." பல்லக்கில் போகும் அம்மனைப்போல மேலே உட்கார்ந்து லோகேஸ்வரி அமுக்கினாள், பிடித்தாள், விட்டாள். வழியில் சில பெண்கள் தேங்காய் உடைத்தார்கள். நான்காவது சக்கரத்தில் குமிழி வருவது நின்றபோது வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி. பெடல் இரண்டு விரல் இறங்கிக் கல்லாக நின்றது. தம்புசாமி தொட்டியின் ஒழுகலை அடைத்து டீசல் ஊற்றி, பானெட்டையும் மாட்டி மூடினார்.

மணல்மேட்டுக்கு நாற்பதடி முன்னால் வண்டியை இறக்கினார்கள். இறங்கியதும் அது பழைய நடையிலேயே போனது. அங்கே அதிகாரி, பளுதூக்கி லோரி, விஜயன், கிள்ளானில் பாதிச் சனம். "அமுக்கு! அமுக்கு!" என்று எல்லோரும் கத்தினார்கள். அவள் அமுக்கவில்லை. இத்தனை நாளும் வண்டி அவளைக் கேட்காமல் ஓடியது. இனி இவர்களைக் கேட்டு நிற்க வேண்டுமா? ஸ்டியரிங்கை ஒடித்து, சாலையோரப் புல்லில் இறங்கி மணலைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கத்து வெற்றுச் சாலைக்குப் போனாள். அங்கே அமுக்கு என்று கத்த ஆள் இல்லை. அங்கே மிதித்தாள். வண்டி நின்றது. மணி பதினொன்று நாற்பத்தெட்டு. அதிகாரி படிவத்தில் 'கோளாறு: நிற்கவில்லை, தற்போதைய நிலை: நிற்கிறது' என்று எழுதி மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்.

விஜயன் ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றிக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. "நின்னுருச்சு லோகா. போதும். எறங்கு, வீட்டுக்குப் போலாம்."

லோகேஸ்வரி சாவியைத் திருகினாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்கண்ணே. வண்டிய எடுக்கணும்."