எபநேசரின் கட்டைவிரல்

...உயிர் என்பது ஆண்டவர் தந்த மூச்சு, அது இருக்கிறது இல்லை என்று சொல்ல இந்த மண்ணில் எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது, என்று எபநேசர் மனதுக்குள் முழங்கி முடிப்பதற்குள் ஹாரூனின் இ-சேவைக் கடை பெஞ்சில் துருத்திக்கொண்டிருந்த ஆணி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது, அதிகாரிக்கு உரிமை இல்லைதான், ஆனால் ஓய்வூதிய அலுவலகத்துக்கு மூச்சு வேண்டாமாம், கட்டைவிரல் ரேகை வேண்டுமாம், இந்த மாதத்துக்குள் விரலை வைத்து உயிரோடிருப்பதை நிரூபிக்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து எபநேசர் செத்தவர் கணக்கு... மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து கோவில்பட்டிக்கே வெளிச்சம் கொடுத்தவர், மின்வெட்டு நாட்களில் கோவில்பட்டியே திட்டியதும் அவரைத்தான் என்பது வேறு விஷயம், இப்போது தீப்பெட்டி ஆபீஸ் காளீஸ்வரிக்கு அடுத்த ஆளாக வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் இந்தப் பைக்குள் கிடக்கிற சின்னப் பெட்டியால் வந்தது.

வீட்டிலிருந்தே உயிரோடிருந்துவிடலாம் என்றுதானே இதை வாங்கினார், கைரேகைக் கருவி, மதுரையில் ஒரு கடையில், விண்டோஸுக்குப் பதிலாகத் தன் கணினியில் வைத்திருக்கும் லினக்ஸில் ஓடுமா என்று கேட்டபோது கடைக்காரர், லினக்ஸா, அது எந்தக் கம்பெனி சார், சைனாவா, என்று திருப்பிக் கேட்டார், அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும், ஆனால் கரிசல் கட்டற்ற மென்பொருள் கழகத்தின் நிறுவனத் தலைவர் ஒரு கேள்வி கேட்பவரைக் கண்டால் அங்கேயே சொற்பொழிவு செய்யாமல் எப்படி எழுந்திருப்பார், அடிமைக் கணினி எது, விடுதலைக் கணினி எது என்று விளக்கி முடித்தபோது கடைக்காரர் பில் போட்டு முடித்திருந்தார். கழகத்தில் அவரைத் தவிர இருந்த ஒரே உறுப்பினர் சோலைராஜ், கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும் விண்டோஸுக்குப் போய்விட்டான், துரோகம் என்று அன்றைக்கு எவ்வளவு பெரிய வார்த்தை சொன்னோம்... வீட்டுக்கு வந்து செருகினால் கருவியில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான், கருப்புத் திரையில் கட்டளை மேல் கட்டளையாகத் தட்டிப் பார்த்தார், பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியின் அடிப்பக்கத்தைப் படித்தார், விண்டோஸ், ஆண்ட்ராய்டு, மற்றவற்றுக்குப் பொருந்தாது. பொருந்தாது! முதலில் கண்ணாடியைப் போட்டிருக்கலாம். இதற்கு முன்னால் வாங்கிய கேமராவும் இப்படித்தான், அது அரைகுறையாகப் பொருந்தியது, அவரைத் தலைகீழாகக் காட்டியது, பெங்களூரிலிருந்து ஜெபிஷா பார்த்துவிட்டு, அப்பா, என்ன இப்படி வவ்வால் மாதிரி தொங்குதீய, என்று சிரித்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள், அவள் அம்மா ஞானசெல்வம் போன பிறகு அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து அவர் கேட்கவே இல்லை, சரிசெய்யும் வழி இணையத்தில் கிடைத்தும் அவர் சரிசெய்யவில்லை, இன்றுவரை ஞாயிறுதோறும் தலைகீழாகத்தான் பேசுகிறார், அந்தக் கேமராவுக்கு ஸ்தோத்திரம்...

"பையில என்ன அண்ணாச்சி, சோப்பு டப்பாவா?" காளீஸ்வரிதான் கேட்டாள், தீக்குச்சி அடுக்கி அடுக்கி ரேகை தேய்ந்த அவள் விரலை ஹாரூன் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவிய சொந்தமா மிசினு வாங்கியிருக்காவ, அக்கா," என்றான் ஹாரூன்.

"பொறவு எதுக்கு இங்கன வந்து உக்காந்திருக்காவ?"

"அந்த மிசினு அவிய கம்ப்யூட்டரோட பேச மாட்டேங்குதாம்."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டா? அது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்," என்று சொல்லி, கருவியில் வைத்த விரலை எடுத்துக்கொண்டு, உயிரோடு எழுந்து போனாள் காளீஸ்வரி.

அவர் முறை. எதிரே நீலத்திரை, நான்கு கட்டம் போட்ட அந்த விண்டோஸ் சன்னல், எத்தனை மேடையில் சிறை என்று வர்ணித்த சன்னல், மேடை என்றால் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் டீ வரும்வரை கொடுத்த நேரம்... விரலை வைத்தார். பொருந்தவில்லை. மறுபடி வைத்தார். பொருந்தவில்லை. இதென்ன, ஒரு கருவிக்குப் போய் இப்படிப் பயப்படுவார்களா, ஆனால் அது சொல்வது நிஜமாக இருந்தால், காலையில் எழுந்து, கஞ்சி வைத்து, ஒரு தட்டு கழுவி, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பப் படுத்துக்கொள்கிற ஆள் உயிரோடு இருக்கிறார் என்று யார் வந்து சாட்சி சொல்வார்கள், பால்காரர்கூட பாக்கெட்டைக் கேட்டில் தொங்கவிட்டுத்தானே போகிறார்...

"அண்ணாச்சி, விரல்ல என்னமோ ஒட்டுதே. கடலை மிட்டாயா?"

"பஸ் ஸ்டாண்டுல... ஒரே ஒரு துண்டு."

"சுகர வச்சுக்கிட்டு. கையக் கொடுங்க இங்கன."

ஹாரூன் அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான், ஈரத்துணியால் பாகைத் துடைத்தான், நகக்கண்ணில்கூட விடவில்லை, பிறகு அவர் கட்டைவிரலின் மேல் தன் விரலை வைத்து, லேசா விடுங்க, என்று கருவியில் அமுக்கினான், சூடான கை, கொஞ்சம் சொரசொரப்பான கை, எவ்வளவு நாளாயிற்று, ஞானசெல்வத்தின் அடக்கத்தின்போது எல்லோரும் வந்து பிடித்தார்கள், அதற்குப் பிறகு கோயில் ஆராதனையில் சமாதானம் சொல்லும்போது நுனிவிரலை மட்டும் தொடுகிறார்கள், ஜெபிஷா திரைக்குள்ளிருந்து கையசைக்கிறாள்... இந்தப் பைக்குள் இருக்கிற கருவி மட்டும் லினக்ஸில் ஓடியிருந்தால் தன் விரலைத் தானே வைத்து, தானே அமுக்கி, கதவைச் சாத்திக்கொண்டு உயிரோடிருப்பதாகச் சான்று வாங்கியிருப்பார், ஓடாமல் போனதே, ஸ்தோத்திரம், சைனாவா என்று கேட்ட மதுரைக்காரருக்கு ஸ்தோத்திரம், பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்தவனுக்கு ஸ்தோத்திரம், ஆண்டவரே, விண்டோஸுக்கும்... வேண்டாம், அதை மனதுக்குள்கூட முழுசாகச் சொல்ல வேண்டாம், சொல்லியாயிற்றோ? திரையில் பச்சை வந்தது.

"வந்துட்டு அண்ணாச்சி. உயிரோடதான் இருக்கீய."

இனி அடுத்த வருஷம்தான், ஒரு வருஷத்துக்கு இது செல்லும், ஏன் ஒரு வருஷம், இவ்வளவு கண்டிப்பான அலுவலகம் மாதாமாதம் கேட்டால்தான் என்ன, ஒரு மாதத்துக்குள் மனிதன் சாக மாட்டானா, இதைப் பற்றி மேலிடத்துக்கே எழுதலாம், தலைவர் என்ற முறையில்...

அச்சு இயந்திரம் காகிதத்தைத் தள்ளியது. ஹாரூன் எழுந்து அந்தப் பக்கம் போய் அதை எடுத்துக்கொண்டிருந்தான். எபநேசரின் கட்டைவிரல் இன்னும் கருவியின் மேலேயே இருந்தது.