விளக்குக்கு நேர்கீழே

கார் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் என் கால் தானாகவே பிரேக்கை அழுத்திவிட்டது. நான் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. அது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வண்டி. பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்தான். பின் இருக்கையில் இருந்தவள் கைப்பையோடு முன்னால் வந்து மோதினாள்.

“டேய், அது என் வேலைடா. நீ எதுக்கு மிதிக்கிறே?” என்றான் ஓட்டிக்கொண்டிருந்தவன். பதினெட்டு வருஷமாக ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திரையில் ஏதாவது வேகமாக வந்தால் அவன் கால் தரையை மிதிக்கும். அதனால் எங்களுக்கு அவன் ‘பிரேக்’. பின்னால் இருந்தவள் மருந்துக்கடை நடத்துகிறாள். பள்ளியில் படிக்கும்போதே யார் இருமினாலும் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிடுவாள். ‘டானிக்’ என்ற பெயர் அப்போது ஒட்டியது. நான் கட்டடங்களுக்குள் ஜிப்சம் சீலிங் போடுகிறவன். எங்கே நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மனிதர்களைப் பார்ப்பேன். எனக்கு ‘மோட்டுவளை’ என்று பெயர் வந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

புது ஓட்டல் எது திறந்தாலும் இரண்டு வாரத்துக்குள் ஒரு ஞாயிறு மதியம் மூன்று பேரும் போய்ச் சாப்பிட்டுவிடுவோம். இடத்தைத் தேர்ந்தெடுப்பது முறைவைத்து. யார் முறையோ அவர் வாசல் வரும்வரை மூச்சு விடக்கூடாது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு காகித நாப்கினில் மார்க் எழுதுவோம். சாப்பாட்டுக்கு டானிக், கவனிப்புக்கு பிரேக், சீலிங்குக்கு நான். ஓட்டலுக்குப் போய் சீலிங்குக்கு எவனாவது மார்க் போடுவானா என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் போட்டோம். பத்துக்கு ஆறுக்குமேல் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. எங்கேயாவது ஒரு இணைப்புக் கோடு தெரியும், ஒரு மூலை நெளிந்திருக்கும், என் வாய் சும்மா இருக்காது. அந்த நாப்கின்கள் நாற்பதுக்கு மேல் டானிக் வீட்டு இழுப்பறையில் கிடக்கின்றன.

“உன் வேலையத்தான் பாக்க வந்திருக்கோம். பதினோரு நாளா ஒரு வார்த்தை சொல்லலியே, பாவி!” என்று பிரேக் வண்டியை ஓரம் கட்டினான். “நடு டேபிள் சொல்லி வெச்சிருக்கேன். அந்தப் பெரிய விளக்குக்கு நேர்கீழே.”

வயிறு சரியில்லை என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, டானிக் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரையை நீட்டினாள். மருந்துக்கடைக்காரியிடம் போய் யாராவது வயிற்றைச் சாக்குச் சொல்வார்களா? வேறு வழியில்லாமல் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன்.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திறப்புக்கு முதல் நாள் சீலிங் முடிந்து, பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்தாகிவிட்டது. மேசைகளில் தட்டு வைக்க ஆரம்பித்திருந்தார்கள். அப்போதுதான் முதலாளி ஒரு விளக்கைக் கொண்டுவந்து இறக்கினார். நாங்கள் இடம் விட்டு வைத்திருந்தது கையில் தூக்கக்கூடிய ஒரு சின்ன விளக்குக்கு. வந்ததோ பித்தளை வளையம் ஒன்று, அதைச் சுற்றித் தொங்கும் அறுபது கண்ணாடிக் குழாய்கள். தூக்கியவர்கள் நாலு பேர். எடை நாற்பத்தைந்து கிலோ என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. அதைத் தொங்கவிட வேண்டுமானால் சீலிங்கை வெட்டித் திறந்து, மேலே கான்கிரீட்டில் துளை போட்டு நாலு போல்ட் இறக்க வேண்டும். அவ்வளவு தூசியும் அடுக்கிய தட்டுகளில் விழும். முதலாளி முகம் சுருங்கியது. சின்ன வயசு, முதல் தொழில். எனக்குப் பாவமாக இருந்தது. பாவம் மட்டுமில்லை, அடுத்து திறக்கப்போகும் மூன்று கிளைகளின் சீலிங்கும் எனக்குத்தான் என்று அவர் சொல்லியிருந்தார். “இப்போதைக்குச் சேனல்லயே கட்டிடறேன் தம்பி. நாலஞ்சு நாள் தாங்கும். திங்கக்கிழமை வந்து போல்ட் போட்டுடறேன்” என்றேன். யோசனை அவருடையது இல்லை. நான்தான் சொன்னேன்.

சேனல் என்றால் சீலிங் பலகையைப் பிடித்துக்கொள்ளும் தகரப் பட்டை. பலகையைப் பிடிக்கத்தான் அது. வேறு ஒன்றுக்கும் இல்லை. இதை என்னிடம் வேலை கற்றவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது.

திங்கட்கிழமை வேறு ஒரு இடத்தில் வேலை முட்டிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை முதலாளி கூப்பிடவில்லை. புதன்கிழமை நான் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் இந்தத் தெருப் பக்கமே வராமல் சுற்றிப் போனேன். தினமும் காலையில் செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தை முதலில் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. தாங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீயைக் குடிப்பேன். ஒரு நாள் தாங்கியது மறுநாளும் தாங்கும் என்பதற்கு அத்தாட்சி என்று மனசு நம்பிவிட்டது. மனசுக்கு என்ன, அதுவா மேலே ஏறிப் பார்க்கப்போகிறது?

உள்ளே ஒரே கூட்டம். சுவர் ஓரமாக இடத்துக்குக் காத்திருந்தவர்கள் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. நடு மேசையில் மட்டும் ‘முன்பதிவு’ அட்டை. ஆறு நாற்காலி, கறுப்புக் கண்ணாடி போட்ட மேசை. நான் உட்காரவில்லை, அண்ணாந்தேன். விளக்கின் பித்தளைக் கிண்ணம் சீலிங்கைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. முடி அளவுதான். வேறு யார் பார்த்தாலும் அது கோடாகவே தெரியாது.

“பாத்தியா, தன் வேலையையே ரசிக்கிறான்” என்றாள் டானிக்.

“ஏசி நேரா மேல அடிக்குது. ஓரமா போயிடலாமே.”

“ஓரத்துல எங்கடா இடம்? நாலு நாளைக்கு முன்னாடியே சொல்லி வாங்கின டேபிள் இது. பேசாம உக்காரு” என்று பிரேக் என் தோளைப் பிடித்து அமர்த்தினான்.

சூப் வந்தது. என்ன சூப் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசல் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே வர, மேலே கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசி மெல்லச் சத்தம் போட்டன. பக்கத்து மேசையில் ஒரு பெண்மணி அந்தச் சத்தத்தைப் புகழ்ந்தார். நான் கதவு திறப்பதை எண்ணினேன். பதினான்கு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். சீலிங் போர்டு பிடி விடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கோடு. பிறகு பெயிண்டுக்கு அடியில் ஸ்க்ரூவின் தலை புடைக்கும். அதற்கப்புறம் ஜிப்சம் மாவு கொட்டும். அதற்கப்புறம் நேரம் இருக்காது. கோட்டைப் பார்த்தாகிவிட்டது. புடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பயந்து, தட்டைப் பார்த்தபடி, அடுத்து வந்திருந்த மீனை முள்கரண்டியால் கிளறினேன்.

டானிக் சிரித்தாள். “டேய் பிரேக், தலையைத் தட்டுடா. பொடுகு தோள்ல கொட்டுது. நம்ம கடைக்கு வா, நல்ல ஷாம்பு தர்றேன்.”

அவன் நீலச் சட்டையின் தோளில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அவன் கூச்சத்தோடு தட்டிவிட்டு, “வயசாகுதுல்ல?” என்றான். நான் கறுப்புக் கண்ணாடி மேசையில் விரலை வைத்து இழுத்தேன். விரல் நுனியில் மாவு. இருபத்தைந்து வருஷமாக என் சட்டையில், காதில், சாப்பாட்டில் இருக்கும் மாவு. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஆனால் வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வெட்கம்தான் என்னை நாற்காலியிலேயே உட்காரவைத்தது.

முதலாளி சிரித்துக்கொண்டே வந்தார். “அண்ணன் கைவண்ணம்தான் எல்லாம். வர்றவங்க பூரா மேல பாத்து போட்டோ எடுக்கறாங்க” என்று என் நண்பர்களிடம் சொன்னார். பிரேக்கின் முகத்தில் எனக்காகப் பெருமை. நான் எழுந்து அவரைக் கை கழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

“தம்பி, நடு டேபிளைக் காலி பண்ணுங்க. விளக்கு நிக்காது.”

“பதினோரு நாளா நிக்குதேண்ணே!”

“அதைத்தான் சொல்றேன். போர்டு விட ஆரம்பிச்சிடுச்சு.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “வெளிய எத்தனை பேர் நிக்கறாங்க பாத்தீங்களா? இன்னிக்கு ஒரு நாள் ஓடட்டும். ராத்திரி கடை சாத்தினதும் நீங்க வந்து என்ன வேணா பண்ணுங்க. நாலஞ்சு நாள் தாங்கும்னு சொன்னது நீங்கதானே? இன்னும் ஆறு மணி நேரம் தாங்காதா?”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் பேசியது என் பேச்சு. பதினோரு நாள் நான் எனக்குச் சொல்லிக்கொண்டதைத்தான் அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

மேசைக்குத் திரும்பியபோது டானிக் நாப்கினை விரித்து வைத்திருந்தாள். சாப்பாடு ஏழு. கவனிப்பு எட்டு. பேனாவை என் பக்கம் தள்ளினாள். “எழுது. ஊர்ல இருக்கற சீலிங்கையெல்லாம் குறை சொன்னியே, இன்னிக்கு உன் யோக்கியதையைப் பாப்போம்.”

எழுதினேன். பூஜ்யம்.

“ஐயோ, தன்னடக்கத்தைப் பாரு!” என்றான் பிரேக்.

“விளையாட்டில்ல. ரெண்டு பேரும் எழுந்திரிங்க. மெதுவா, நாற்காலியை இழுக்காம எழுந்திரிங்க. இந்த விளக்கை நான் சரியா மாட்டல.”

சிரிப்பு அவர்கள் முகத்திலேயே நின்றுபோனது. நான் சொல்லச் சொல்ல பிரேக் தன் தோளைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், பிறகு மேலே பார்த்தான். எழுந்துகொண்டான். டானிக் எழுந்து நின்று கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

“பதினோரு நாளா உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நாங்க வரலேன்னா, நீ இன்னிக்கும் வந்திருக்க மாட்டே. இல்ல?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வரிசையைப் பார்த்தாள். நாங்கள் எழுந்ததைக் கண்டு, முதலாளி அங்கிருந்தே மேசை காலி என்று கையைக் காட்டிவிட்டார். சப்ளையர் ஒருவர் வந்து தட்டுகளை அள்ளினார். ஈரத் துணியால் மேசையை ஒரே இழுப்பில் துடைத்தார். மாவு போய்க் கறுப்புக் கண்ணாடி பளிச்சென்று ஆனது. வரிசையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாத்தா, மகன், மருமகள், இடுப்பில் ஒரு குழந்தை, முன்னால் ஓடிவந்த ஒரு சின்னப் பெண். அவள் ஓடிவந்து விளக்குக்கு நேர்கீழே இருந்த நாற்காலியில் ஏறி மண்டியிட்டு அண்ணாந்தாள்.

“மாமா, இது உங்க எடமா?” என்று என்னைக் கேட்டாள்.

“ஆமாம்மா, இது என் எடம். நீ இறங்கு” என்றேன். டானிக் அவளை இரண்டு கையாலும் தூக்கி எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மருமகள் பதறி, “யாருங்க நீங்க? பிள்ளையை விடுங்க” என்று கத்தினார். முதலாளி ஓடிவந்தார். சப்ளையர் என் கையைப் பிடித்தார். எல்லோரும் ஒரே சமயத்தில் பேச, நான் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. யாரோ வாசல் கதவைத் திறந்தார்கள். மேலே குழாய்கள் உரசின. இந்தத் தடவை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறினேன். செருப்பை ஏன் கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. சாப்பிடும் மேசை என்ற நினைப்பாக இருக்கலாம். கூடத்தில் பேச்சு அடங்கியது. “எல்லாரும் சுவர்ப் பக்கம் போங்க” என்று கத்தினேன். யாரும் போகவில்லை. நாலைந்து பேர் கைபேசியைத் தூக்கி என்னைப் படம் எடுத்தார்கள். பக்கத்து மேசைப் பெண்மணி, குடித்திருக்கிறான் என்று கணவரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

இங்கிருந்து பார்க்கும்போது அந்தக் கோடு வெறும் கோடாக இல்லை. சுண்டுவிரல் நுழையும். கிண்ணத்தைச் சுற்றி ஆறு ஸ்க்ரூக்களின் தலைகளும் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தன. என் கையால் முடுக்கிய ஸ்க்ரூக்கள். நான் இரண்டு கைகளையும் உயர்த்திப் பித்தளை வளையத்துக்கு அடியில் கொடுத்தேன். வளையம் சூடாக இருந்தது. மாவு என் கண்ணிமையில் விழுந்தது, துடைக்கக் கை இல்லை.

மேலே தகரம் ஒருமுறை முனகியது. பாரம் மெல்ல, அவசரமே இல்லாமல், என் உள்ளங்கைக்கு இறங்கி வந்தது. முழங்கைகளை மடங்கவிடாமல் விறைத்துக்கொண்டேன். கலங்கிய கண்ணோடு கீழே பார்த்தேன். எல்லோரும் பின்வாங்கிக்கொண்டிருக்க, பிரேக் மட்டும் மேசையை ஒட்டி என்னை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். அவனுடைய வலது கால் தரையை மிதித்திருந்தது. கணுக்கால் நரம்பு புடைக்க, முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே நின்றான்.