மேருவில் தங்கிப்போன நிழல்

கிள்ளான் பக்கத்து மேருவில் காட்டை வெட்டி எரித்து ரப்பர் நட்ட 1908ஆம் ஆண்டில், மரங்கள் எல்லாம் போன பிறகும் ஒரு துண்டு நிழல் மட்டும் போகாமல், தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசி வீட்டின் மேல் வந்து தங்கியது. அது மாரியாயியின் வீடு. சுற்றிலும் சாம்பல் வெயிலில் கொதிக்க, அவள் வாசலில் மட்டும் நண்பகலிலும் ஈர இலை வாடை அடித்தது; அட்டை ஊர்ந்தது. நிழலோடு ஒரு காட்டுக்குருவியும் வந்திருந்தது. பழுப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும். வெட்டவெளிக்கு வராது, தரையோரமாகத் தத்திப் பூச்சி பொறுக்கும். அது போகும் இடத்துக்கெல்லாம் நிழலும் போனது.

காடு வெட்டியவர்களில் அவள் புருஷன் அய்யாவுவும் ஒருவன். மரம் சாயுமுன் எழும் முறுக்குச் சத்தம் அந்த நிழலுக்குள் அவனுக்கு ஓயாமல் கேட்டது. மாரியாயிக்கும் கேட்டது. தின்கிற சோற்றை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையோடு வெளியே ஓடுவாள். எதுவும் விழாது. இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் அவள். மூன்றாவது, தங்கமணி, தொட்டிலில் கிடந்தாள். குருவி தொட்டில் கயிற்றில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துப் பாடும். பிள்ளையைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு காலையில் அய்யாவு பலாப்பால் தடவிய குச்சியில் அதைச் சிக்கவைத்துக் கூடையில் மூடி, கிள்ளானுக்கு அப்பாலுள்ள காட்டில் விட்டுவரக் கிளம்பினான். நிழலும் அவனோடு போனது. வீட்டுக்குள் வெயில் விழுந்தது. தொட்டிலைச் சுற்றிக் கொசு மொய்க்கத் தொடங்கியது. குருவி வந்த நாளிலிருந்து வீட்டில் கொசுவே இல்லை என்பது மாரியாயிக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்த அந்த லயத்தில், தங்கமணிக்கு ஒருநாளும் உடம்பு சுட்டதில்லை.

பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். செம்மண் பாதையில் தூரத்தில் ஒரு நிழல் தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. அதை வைத்தே அவனைப் பிடித்துவிட்டாள்.

"கூடையக் குடுங்க."

"மரம் நம்ம மேல விழும் புள்ள. எனக்குப் பயமாருக்கு."

"எனக்கும்தான். பயந்துகிட்டே இருந்துக்குவோம். இவ பொழச்சுக் கெடக்கட்டும்."

அவன் கூடையைக் கொடுத்தான். குருவியோடு நிழலும் வீடு திரும்பியது.

பயம் விட்டுப்போகவில்லை. இருவரும் சுவரில் முதுகை ஒட்டியே தூங்கினார்கள். குருவிக்கு எங்கிருந்தோ ஜோடி வந்து சேர்ந்தது, குஞ்சும் பொரித்தது. தங்கமணி பூச்சோங்குக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஆண்டில், ஒரு குஞ்சு அவள் வண்டிக்குள் தானாக ஏறிக்கொண்டது; அதோடு ஒரு துண்டு நிழலும் போனது. அங்கே முதல் வாரம் முழுக்க, மரம் சாயும் சத்தம் கேட்டு மாமியார் வாசலுக்கு ஓடினாள். அடுத்த வாரம், தன் வாசலில் இனி வெயில் விழாது என்று, ஈரத்துணியைக் காயப்போடப் பக்கத்து வீட்டு வேலியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.