கப்பக்காரர் மாடிக்கு வந்த பெருமை

கடலூர் முதுநகரில் கப்பக்காரர் மாடி என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். துறைமுகத்திலிருந்து கப்பலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றுமதி செய்த ஒருவர் எந்தக் காலத்திலோ கட்டியது. கடைத்தெருவை ஒட்டி வரிசையாக நின்ற தேக்குத் தூண்கள் மேல்மாடத்தைத் தாங்கின. மாடத்தின் இரும்புத் தடுப்பில் பாய்விரித்த கப்பல்களை வார்த்திருந்தார்கள். தானே புயலில் கூரையின் ஒரு பக்கம் போனதிலிருந்து மேலே யாரும் ஏறுவதில்லை.

கீழே இரண்டு கடைகள். ஒன்றில் ஜெயராணி ஜெராக்ஸ் மிஷின் வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு மகள் இலக்கியாவைச் சிதம்பரத்தில் கல்லூரிக்கு அனுப்பியது அந்த மிஷின்தான். அடுத்த கடையில் பொன்னுரங்கம் வலையும் கயிறும் விற்றார். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்திலிருந்தெல்லாம் செம்படவர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

கட்டடம் இப்போது புதுச்சேரியில் இருக்கும் அறிவழகன் பேரில் இருந்தது. இடித்துவிட்டு ஜவுளி ஷோரூம் கட்டப்போவதாகவும், பொங்கலுக்குள் காலி செய்யவேண்டும் என்றும் அவன் போனில் சொன்னான்.

இலக்கியா தன் வரலாற்றுப் பேராசிரியை காயத்ரியை அழைத்து வந்தது அப்போதுதான். காயத்ரி தெருவின் எதிர்ப்புறம் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இந்த மாதிரி கடைத்தெருக் கட்டடம் இந்தப் பக்கத்துல இன்னொண்ணு நான் பாக்கலக்கா. கோயில்னா எல்லாரும் ஓடி வருவாங்க. நாலு பேரு வியாபாரம் பண்ணிப் பொழச்ச எடத்த யாரு கண்டுக்கறா?"

ஜெயராணிக்கு அந்தக் கட்டடம் என்றால் மழைக்கு ஒழுகும் கூரைதான். அன்றுதான் முதல்முறையாகக் கழுத்தை நிமிர்த்தி மாடத்தைப் பார்த்தாள். மறுநாள் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு தன் கடைமுன் இருந்த தூணைத் துடைத்தாள். கரி போனதும் மரத்தின் ரேகை தேன்நிறத்தில் தெரிந்தது. அடுத்த தூணையும் துடைத்தாள்.

கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. 'பர்மாத் தேக்கு, சீமையில் வார்த்த இரும்பு' என்று காயத்ரி சொன்னதை அப்படியே போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வந்து படமெடுத்தார்கள். ஜெயராணி அவர்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"ஃபோட்டோ புடிக்கறவன்லாம் பஸ் ஏறிப் போயிடுவாம்மா," என்றார் பொன்னுரங்கம். "நாமதான் இங்க கெடக்கணும்."

"கெடக்கலாம்ணே. இடிக்க உடமாட்டாங்க."

ஒருநாள் அறிவழகனே காரில் வந்து இறங்கினான். கூட ஒரு மெலிந்த மனிதர். அவர் தூண்களைத் தட்டிப் பார்த்தார், தடுப்பில் இருந்த கப்பல்களைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல காரியம் பண்ணீங்கக்கா," என்றான் அறிவழகன். "இடிக்கறதா இல்ல. ரிப்பேர் பண்ணப் போறோம். தூண்லாம் கரையான் அரிச்சிருக்கு. கொண்டுபோய் மருந்தடிச்சி எடுத்தாருவாங்க. நீங்களே பக்கத்துக் கடைக்காரர்கிட்ட எடுத்துச் சொல்லுங்க."

ஜெயராணிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே பொன்னுரங்கத்திடம் பேசினாள். அவர் தலையை ஆட்டவில்லை. "நான் சொல்றன்ல, நம்புங்கண்ணே," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வலை மூட்டைகளைப் பின்பக்கம் ஒதுக்கிக் கொடுத்தார்.

வந்த ஆட்கள் கைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூண்களைக் கழற்றினார்கள். சாக்கு சுற்றி லாரியில் ஏற்றினார்கள். தடுப்பும், ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடியும் போயின. மாடத்துக்குச் சவுக்குக் கட்டைகளை முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜெயராணி அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தாள்.

தூண்கள் திரும்பவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் சவுக்குக் கட்டை சறுக்கி, மாடம் மொத்தமும் பொன்னுரங்கத்தின் கடைவாசலில் விழுந்தது. அவர் சாப்பிடப் போயிருந்ததால் உயிர் தப்பியது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, உடனே இடிக்கவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஜெயராணி அறிவழகனுக்குப் போன் போட்டாள்.

"தூண்லாம் எங்க தம்பி?"

"அதெல்லாம் ரிசார்ட் ஒண்ணுக்கு வித்தாச்சுக்கா." அவன் குரலில் கோபமில்லை, வெட்கமும் இல்லை. "அன்னிக்கு என்கூட வந்தாருல்ல, அந்த ஆளு பேப்பர்ல பாத்துட்டுத்தான் என்னத் தேடி வந்தாரு. நீங்க கெளப்பலன்னா அது என்னா மரம்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

போனைக் காதில் வைத்தபடியே நின்றாள்.

ஜேசிபி வந்தபோது பொன்னுரங்கம் நனைந்த வலைகளை மினி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். கிள்ளையில் மகன் வீட்டுக்குப் போகிறார். கடை இனி இல்லை. ஜெயராணி மூட்டைக்கு ஒரு கை கொடுக்கப் போனாள்.

"வேணாம்மா," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

தை மாதத்தில் காயத்ரி அவளைப் பார்க்க வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகர ஷீட் போட்ட ஒரு சின்ன அறையில் இப்போது மிஷின் இருந்தது. உட்கார்ந்ததுமே காயத்ரி அழ ஆரம்பித்தாள்.

"பேப்பர்காரன்கிட்ட நான் அதெல்லாம் சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

"நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க மேடம். நானுந்தான் ஊரையே கூப்புட்டுக் காட்டுனேன்."

"கேஸ் போடலாம். நான் விசாரிக்கறேன்."

"போட்டு?"

காயத்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைத்தெருவில் அந்த இடம் தகரம் அடைத்துக் கிடக்கிறது, ஷோரூம் எடுப்பதாக இருந்த ஜவுளிக்காரரும் பின்வாங்கிவிட்டாராம் என்று ஜெயராணி சொன்னாள். அவள் அந்தப் பக்கம் போவதில்லை. மார்க்கெட்டுக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.

வாசலில் ஒரு பெண் ஆதார் கார்டை நீட்டினாள். ரெண்டு பக்கமும் வேண்டுமாம். ஜெயராணி எழுந்து மிஷின் மூடியைத் திறந்தாள்.