நார்த்பிரிட்ஜைத் தேடிய மதியம்

செத்த மதர்போர்டையும் சூடு காட்டி எழுப்பிவிடுவாள் என்பதால், கணினி பழுதுபார்க்கும் அவளுக்குக் கடைவீதியில் ‘அனல்’ என்றே பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மதியம் இரண்டு மணிக்குத் தம்பி மூச்சிரைக்க வந்து ஒரு கணினியை அவள் மேஜையில் இறக்கினான். நாடக அரங்கில் விளக்குகளை இயக்குவது அவன் வேலை. ஆறு மணிக்கு முதல் காட்சி.

“அக்கா, ஆன் பண்ணா பீப் பீப்னு கத்துது, திரையில ஒண்ணுமே வரல. லைட் சாஃப்ட்வேர் இந்த சிஸ்டத்துல மட்டும்தான் ஓடும். இது எழுந்திரிக்கலன்னா நாடகம் இருட்டுலதான்.”

“கத்துதுன்னா ரேம் தகராறு. ஒப்பாரி வைக்காம உக்காரு.”

ரேமை மாற்றினாள். மறுபடியும் கத்தியது. அப்படியானால் நார்த்பிரிட்ஜ்தான்! ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே உட்கார்ந்து தரகு பார்க்கும் அந்தச் சிப்பைச் சூடாக்கியே பதினைந்து வருஷம் காலம் தள்ளியவள் அவள். ஹாட் ஏர் கன் கையில் சீறியது. ஆனால் ப்ராசஸரைத் தவிர போர்டில் இருந்ததே ஒரே ஒரு பெரிய சிப், அதுவும் கீழ் மூலையில். குறி வைத்தவள் சட்டென்று நின்றாள். தரகன் இவ்வளவு தள்ளியா கடை போடுவான்?

லென்ஸை எடுத்துக் குனிந்தாள். ரேமிலிருந்து கிளம்பிய மெல்லிய கோடுகள் எங்கும் நிற்காமல் நேராக ப்ராசஸருக்கே போயின.

“டேய், நடுவுல ஆளே இல்லடா! ரேமைப் பாத்துக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டோட பேசுறது, எல்லாத்தையும் ப்ராசஸரே எடுத்துக்கிச்சு. டிஸ்க், யூஎஸ்பின்னு மிச்சம் மீதிக்குத்தான் அந்த மூலைச் சிப்.”

இதைக் கேள்விப்பட்டிருக்கிறாள்தான். ஆனால் அவளிடம் வருவதெல்லாம் பழைய போர்டுகள். கண்ணால் பார்ப்பது இன்றுதான். சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அக்கா, மணி மூணு!”

ரேமிடம் பேசுவது ப்ராசஸர் என்றால், அது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் கோளாறு. மேலே இருந்த மின்விசிறியைக் கழற்றினாள். அடியில் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் ஒரு மூலையில் பிதுங்கி வழிந்திருந்தது, எதிர் மூலையில் தடிமனாக அப்படியே கிடந்தது.

“யாருடா இதைக் கழட்டினது?”

தம்பி திருதிருவென்று விழித்தான். “தூசி தட்டலாம்னு நேத்து... ஆடக்கூடாதேன்னு நல்லா முறுக்கிட்டேன்.”

“ஒரு பக்கமா முறுக்கினா ப்ராசஸர் சாஞ்சுதானே உக்காரும்? கீழ இருக்கிற பின்னுல பாதி ஒட்டவே ஒட்டாது!”

திட்டிக்கொண்டே துடைத்தாள். ப்ராசஸரைத் தூக்கிப் பார்த்தாள், அடியில் பின்களில் வளைவு ஏதும் இல்லை. புதுப் பேஸ்ட் தடவி, நான்கு திருகுகளையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். பொத்தானை அழுத்தினாள். கத்தல் இல்லை. திரை பளிச்சென்று வந்தது, ரேம் முழுசாகத் தெரிந்தது. இரண்டு பேரும் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு அவளும் கூடவே போனாள். ஆறு மணிக்கு அரங்கம் இருண்டது. ஒரு நொடி, இரண்டு நொடி. மேடை நடுவில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. நடிகர்கள் யாரும் இன்னும் வரவில்லை. வெறும் தரையைப் பார்த்து அவள் ஒருத்தி மட்டும் பலமாகக் கைதட்டினாள்.